நாற்பத்தேழு நிமிட டெமோ

18-5-2025, ஞாயிறு

இன்று என் தம்பி மகள் நித்திலாவின் நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேர் முன்னால் மைக்கை வாங்கி, ரிசப்ஷன் அன்று அவளுடைய அப்பாவைப் பெரிய திரையில் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். சம்பந்தியம்மா பேச்சுவாக்கில், "பொண்ணோட அப்பா எப்படி இருப்பாருன்னே தெரியாமப் போச்சுங்" என்றார். சுவரில் மாலை போட்ட போட்டோவைக் காட்டியிருந்தால் அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. என் தம்பி சம்பத் அந்தப் போட்டோவில் இருப்பதுபோல விறைப்பான ஆள் இல்லை. "ஏழாம் தேதி சாயங்காலம் பாருங்க. அவன் நடக்கறதையும் காட்டறேன், பேசறதையும் கேக்க வெக்கறேன். கல்யாண கேசட்டு எங்கிட்டத்தான் இருக்குது" என்றேன். கை தட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

நித்திலா இரண்டரை வயதில் அப்பாவை இழந்தவள். அவன் குரல் அவளுக்கு ஞாபகம் இல்லை. பந்தி முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாலுமே பேசுவாருங்களா அத்தை?" என்றாள்.

"பேசுவான் அம்முணி."

அவள் அம்மா கலாமணி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள். அப்புறம் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

19-5-2025, திங்கள்

பீரோ மேலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். மொத்தம் பதினொரு வீடியோ கேசட். கடைத் திறப்பு, இரண்டு டீலர் கூட்டம், பொருட்காட்சி ஸ்டால் ஆறு, நித்திலாவின் காதுகுத்து, சம்பத் கல்யாணம். தாளில் நம்பர் போட்டு எழுதிக்கொண்டேன். கல்யாணத்தைப் பதினொன்றாவதாக எழுதினேன். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

என் கிரைண்டர் கடை மேனேஜர் கோவையில் ஒரு ஸ்டுடியோ சொன்னார். கொடுத்தால் மூன்றே நாளில் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிடுவார்களாம். வேண்டாம் என்றேன். நம் வீட்டு விஷயத்தை ஊரான் எதற்குப் பார்க்க வேண்டும்? கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

21-5-2025, புதன்

கேசட்டை ஓட்ட வி.சி.ஆர். வேண்டும். உடுமலையில் இன்னும் ஓடுகிற வி.சி.ஆர். ஒன்றே ஒன்றுதான். டி.வி. மெக்கானிக் ஆரோக்கியசாமி வீட்டில் இருக்கிறது. போனேன்.

"விக்க மாட்டேனுங்க. வேற எது வேணும்னாலும் கேளுங்க."

"வெலை கேட்டனா? எப்படி இருக்கீங்கன்னு பாக்க வந்தேன். உங்க வீட்டுல இட்லி எப்படி வருது?"

அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "ஓடு மாதிரி வருதுங்க. கிரைண்டர் கல்லு வழுவழுன்னு தேஞ்சு போச்சு. ரெண்டு வருசமா இவருகிட்டச் சொல்றேன்" என்றார்.

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர்கள் வீட்டுக் கல்லை என் ஆளை விட்டுக் கொத்திக் கொடுக்கிறேன், புது பெல்ட்டும் மாட்டிவிடுகிறேன். பதிலுக்கு வி.சி.ஆர். ஒரு மாதம் என் வீட்டில் இருக்கும். ஆரோக்கியசாமி மனைவியைப் பார்த்து, "நீயே எடுத்துக் குடுத்துட்டியா?" என்றார். வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு.

22-5-2025, வியாழன்

மெஷின் வந்தது. யு.எஸ்.பி. பெட்டி, ஒயர், லேப்டாப் எல்லாம் மாட்டியாயிற்று. படம் வந்தது, சத்தம் வரவில்லை. சாயங்காலம் பார்த்தால் சத்தத்துக்கான வெள்ளை ஒயரை 'அவுட்'டில் சொருகாமல் 'இன்'னில் சொருகியிருக்கிறேன்.

24-5-2025, சனி

நான்கு கேசட் முடிந்தது. இதில் குறுக்கு வழி இல்லை. மூன்று மணி நேர கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். எழுந்து போனால் எங்காவது டேப் சிக்கிக்கொள்ளும். முதலில் கேசட்டின் ஐந்து ஸ்குரூவைக் கழற்றிப் பார்க்க வேண்டும். டேப் ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி பூசணம் இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். துடைக்காமல் போட்டால் மெஷினில் டேப்பைப் படிக்கிற தலையும் கெட்டுப்போகும். இரண்டாம் நம்பரில் அப்படித்தான் மெஷின் ஒரு சாண் டேப்பைத் தின்றுவிட்டது.

ஆனால் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்கிறது. 1991-ல் கடை திறந்தபோது பத்துக்குப் பத்து ரூம், மூன்று கிரைண்டர், ஒரு ஸ்டூல். வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "பொம்பளை மிசின் விக்கறாளாம்" என்று தெருவே சிரித்தது. அதே தெருவில் இன்றைக்கு என் கடை நான்கு ஷட்டர். 1994 ஈரோடு ஸ்டாலில் பேசுகிறேன் பாருங்கள், ஒரு சொல் தடுக்கவில்லை. இப்போதுள்ள சேல்ஸ்மேன்கள் பாதிப் பேச்சைச் செல்போனில் தேடுகிறார்கள்.

25-5-2025, ஞாயிறு

கலாமணி பத்திரிகைக் கட்டோடு வந்தாள். தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவள், நூற்று எண்பது கவருக்கும் விலாசம் மணிமணியாக எழுதியிருக்கிறாள். சம்பத் போன மறு வருஷமே அந்த வேலைக்குப் போய்விட்டாள். என்னிடம் கை நீட்டியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், நிறைய மரியாதை.

"கேசட்டு வேலை எப்படிப் போகுதுங் அண்ணி?"

"அஞ்சு முடிஞ்சுது."

"எங்க கல்யாணம்?"

"வரிசையா வருது."

கொஞ்ச நேரம் பத்திரிகையை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமலே, "பூசணம் புடிச்சு வீணாப் போயிருந்தா சொல்லிப்போடுங்க. சம்பந்தியம்மாகிட்ட நான் பேசிக்கறேன். ஒண்ணும் தப்பில்லீங்" என்றாள்.

"நான் வாக்குக் குடுத்து எது நடக்காம இருந்துது?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல. காபி வேண்டாம் என்று போய்விட்டாள்.

27-5-2025, செவ்வாய்

எல்.இ.டி. திரைக்காரர் போன் செய்தார். ஐந்தாம் தேதிக்குள் பைல் வேண்டுமாம். நித்திலா அவரிடம் முகூர்த்தக் காட்சி எவ்வளவு நேரம் வரும் என்று என்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

28-5-2025, புதன்

மெஷினில் கோடு கோடாக வந்ததால் ஆரோக்கியசாமி வந்து அதன் தலையைத் துடைத்துக் கொடுத்தார். போகிற போக்கில் மேஜை மேலிருந்த பதினொன்றாம் நம்பரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறெதையும் பதிய முடியாது. கல்யாண கேசட்டைக் கொடுக்கும்போது வீடியோக்காரர் உடைத்துத்தான் கொடுப்பார். உடைந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டினால், பல் இருப்பதாக மெஷின் ஏமாந்து மறுபடியும் பதியும்.

"ஏனுங்கம்மா, இதுல செல்லோடேப் ஒட்டியிருக்குதே. யாருங்க ஒட்டுனது?"

"தெரியலையே."

"கல்யாணம்னு போட்டு அடிச்சு, மேல டெமோன்னு எழுதியிருக்குதே?"

"பழைய கேசட்டு. யாரு கண்டா?"

அவர் என்னையே பார்த்தார். அவர் வீட்டு இட்லி இப்போது எப்படி வருகிறது என்று கேட்டேன். பூப்போல வருகிறதாம்.

29-5-2025, வியாழன்

சரி. எழுதிவிடுகிறேன். என் டைரியில் நானே சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது.

ஒட்டியது நான்தான். 1997 தைப்பூசம், பழனியில் பத்து நாள் ஸ்டால். ஸ்டாலில் டி.வி. வைத்து கிரைண்டர் ஓடுவதைக் காட்டினால் கூட்டம் நிற்கும் என்று எனக்கு முதல் முதலாகத் தோன்றியது. அப்போது யாரும் அப்படிச் செய்ததில்லை. வீடியோக்காரரிடம் ஒரு மணி நேரத்துக்குக் கேமரா வாங்கியாயிற்று. புது கேசட் வாங்கப் போனால் பொங்கல் விடுமுறை, எல்லாக் கடையும் பூட்டு. வீட்டில் பல் உடையாத கேசட் ஒன்றுகூட இல்லை. சம்பத் கல்யாண கேசட் டி.வி. ஸ்டாண்டில் இருந்தது. டி.வி. என் வீட்டில்தான், அதனால் கேசட்டும் என் வீட்டில்.

கடைசியில் கொஞ்சம் காலியிடம் இருந்தது. அதில் பதிந்திருக்கலாம். பதியவில்லை. ஏன் என்றால் ஸ்டாலில் ஒவ்வொரு முறையும் ரீவைண்ட் செய்தால் டேப் நேராக டெமோவில் வந்து நிற்க வேண்டும். இடம் தேடிக்கொண்டிருந்தால் நிற்கிற ஆள் நகர்ந்துவிடுவான். அதனால் முதலிலிருந்து பதிந்தேன். நாற்பத்தேழு நிமிடம். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், தாலி எல்லாம் அந்த நாற்பத்தேழு நிமிடத்துக்குள் இருந்தவை.

பத்து நாளில் நூற்றுப் பன்னிரண்டு கிரைண்டர் விற்றேன். இரண்டாவது ஷட்டர் அதில் வந்ததுதான். அந்த யோசனைக்காக இன்றைக்கும் என்னை நானே மெச்சிக்கொள்வேன். கேசட்டுக்காக மெச்ச முடியாது.

நிச்சயத்தில் வாக்குக் கொடுத்தபோது இது ஞாபகம் இருந்ததா என்று யாராவது கேட்டால், இருந்தது. மீதி டேப்பில் சம்பத் இருப்பான், அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

31-5-2025, சனி

நாற்பத்தெட்டாவது நிமிடத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். முதல் பகுதியைப் போடவில்லை. அதில் நான்தான் இருப்பேன், எனக்குத் தெரியாததா.

பந்தி வருகிறது. சம்பத் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இலை இலையாகப் போய்க் கேட்கிறான். நடக்கிறான், சிரிக்கிறான், யார் தோளிலோ கை போடுகிறான். என் தம்பிதான். ஆனால் பேச்சு இல்லை. வீடியோக்காரர் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு, கேசட் முழுக்க சினிமாப் பாட்டு ஏற்றியிருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், அதுதான் அழகு என்று. சம்பத் வாயைத் திறக்கிறான், பாட்டுக்காரர் பாடுகிறார்.

அப்படியானால் முகூர்த்தம் அழியாமல் இருந்திருந்தாலும் அவன் பேசியிருக்க மாட்டான். "தப்பிச்சுட்டே" என்றது மனசு. அது வியாபாரி மனசு. இன்னொரு மனசு நித்திலா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டதையே சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்று முறை ஓட்டினேன். ஒரு வார்த்தையாவது பாட்டுக்கு நடுவே கேட்குமா என்று. இல்லை.

1-6-2025, ஞாயிறு

காலையில் கலாமணி வீட்டுக்குப் போனேன். நித்திலா பார்லருக்குப் போயிருந்தாள். நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

உட்காரக்கூட இல்லை, சொல்லிவிட்டேன். சரக்கில் குறை இருந்தால் வாடிக்கையாளர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும் என்று கடையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவள் நான். இருபத்தெட்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

கலாமணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"தெரியுமுங் அண்ணி."

"எது தெரியும்?"

"நானும் பழனிக்கு வந்தேனில்லீங், நித்திலா வயித்துல இருக்கையில. உங்க ஸ்டாலுக்கு முன்னாடி நின்னுட்டிருக்கறப்போ டெமோ முடிஞ்சுபோச்சு, நீங்க வாடிக்கைகிட்டப் பேசிட்டிருந்தீங்க. ரீவைண்ட் பண்ண ஆளில்லை. டி.வி.யில எங்க கல்யாணப் பந்தி ஓடுது. சனம் பூரா நின்னு பாக்குது. ஒரு பாட்டி, 'கிரைண்டர் வாங்கினா கல்யாணச் சாப்பாடும் உண்டாக்கும்'னு சொல்லுச்சு. அவரு ஓடி வந்து அமுத்துனாரு."

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

"அப்பவே எதுக்கு என்னைக் கேக்கலை?"

"அவருதான் வேண்டாம்னாரு. 'அக்கா இன்னைக்குத்தான் ஊரு முன்னாடி செயிச்சிருக்கா, இதைக் கேட்டா அத்தனையும் அவளுக்குக் கசந்து போயிரும், கேக்காத'ன்னாரு. நான் சரின்னேன். அப்பறம் அவரே போயிட்டாரு. சொன்ன வார்த்தைய எப்படி மாத்தறது?"

"போன ஞாயித்துக்கெழமை பூசணம்னு சொல்லச் சொன்னியே..."

"ஒரு வழி விட்டுக் குடுத்தேனுங். நீங்கதான் சண்டைக்கு வந்தீங்க."

எங்கள் குடும்பத்தில் நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"கேசட்டு போனதுக்கு நான் என்னைக்கும் அழுகலீங்" என்றாள். வேறு எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை. தொண்ணூற்றொன்பது ஐப்பசியில், அந்த மழையில், ஒட்டன்சத்திரம் லோடு இன்றைக்கே போயாக வேண்டும் என்று சம்பத்தை வண்டியில் ஏற்றி அனுப்பியது நான்.

கிளம்பும்போது, "ஏழாம் தேதிக்குப் பேச்சு இல்லையே கலாமணி. பாட்டுத்தான் இருக்குது. அம்முணிகிட்ட என்ன சொல்லட்டும்?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "டெமோவுல பேசுவாருங்களே."

"டெமோவுல நாந்தான் பேசுவேன்."

"கேமராவைப் புடிச்சது யாருங்? நடுவுல நடுவுல பேசிக் கெடுத்து வெச்சிருக்கான்னு நீங்கதானே சத்தத்தை அணைச்சுப்போட்டு, ஸ்டால்ல மைக்கு வெச்சுப் பேசுனீங்க? அந்தச் சத்தத்தை நீங்க ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை.

2-6-2025, திங்கள்

சாயங்காலம் கலாமணியும் நித்திலாவும் வந்தார்கள். நித்திலாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். "முகூர்த்தம் இல்லியா?" என்றாள். இல்லை என்றேன். முகம் சுருங்கியது. சமாதானம் சொல்லவில்லை, மெஷினைப் போட்டேன்.

ஸ்டீல் டிரம், கல், ஊறிய அரிசி. பக்கத்தில் நான், முப்பத்தாறு வயது, பச்சைப் பட்டு. "ஒரு படி அரிசிங்க, இருபதே நிமிசம்" என்று ஆரம்பிக்கிறேன். உடனே கேமராவுக்குப் பின்னாலிருந்து, வாடிக்கையாளர் மாதிரி ஒரு குரல்:

"ஏனுங்க்கா, இந்தக் கல்லு எத்தனை வருசம் தாங்கும்?"

"உன்ற பேரன் காலம் வரைக்கும் தாங்கும். பேசாமப் புடிடா."

"பேரனுக்கு முன்னாடி புள்ளை வேணுமில்லீங்?"

"அதான் சித்திரையில வருதில்ல."

"பொண்ணுதான் வரும், சொல்லிப்போட்டேன். அக்காவாட்டம் வாய் இருக்கோணும், கலாமணியாட்டம் பொறுமை இருக்கோணும்."

"உன்னையாட்டம்?"

"என்னையாட்டம் எதுக்கு? கேமராவை ஆட்டாமப் புடிச்சாப் போதும்."

படம் அப்போது நன்றாக ஆடுகிறது. நான் திரும்பி முறைக்கிறேன். அவன் சிரிக்கிறான். மாவு தெறித்துக் கேமராக் கண்ணாடியில் விழுகிறது. "அக்கா நிறுத்து நிறுத்து, அடிச்சிருச்சு" என்று கத்துகிறான். ஒரு பெரிய கட்டைவிரல் வந்து திரை முழுக்கத் துடைக்கிறது. துடைத்த பிறகு பார்த்தால் சுற்றுகிற டிரம்மின் பளபளப்பில் அவன் தெரிகிறான், கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, நீளமாக, வளைந்து, பல்லெல்லாம் தெரிய.

நித்திலாதான் முதலில் பேசினாள். "அத்தை, அப்பாவுக்குக் கீச்சுக் குரலா?"

"ஆமாம் அம்முணி. போன்ல பேசினா, 'வீட்டுல ஆம்பளை இல்லீங்களாம்மா'ன்னு கேப்பாங்க."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "பொண்ணுதான் வரும்னு சொன்னாரே" என்று நாலைந்து முறை சொன்னாள். கலாமணி லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பொறுமையாம்" என்றாள். அப்புறம், "மறுபடியும் போடுங் அண்ணி" என்றாள்.

நான்கு முறை போட்டோம். நாற்பத்தேழு நிமிடத்தில் இருபத்திரண்டு இடத்தில் பேசுகிறான். நான் விற்ற விற்பனையிலேயே நல்லது அந்த டெமோதான் என்று இத்தனை வருஷமும் சொல்லி வந்தேன். அப்படிச் சொன்னதில் தப்பில்லை.

4-6-2025, புதன்

திரைக்காரருக்குப் பைல் அனுப்பும் முன் கலாமணி வீட்டில் அவளோடு உட்கார்ந்து பேசி முடித்தேன். பத்து நிமிடம் போதும் என்று நான் பேரத்தை ஆரம்பித்தேன். என் பேச்சை வெட்டிவிட்டு அவன் பேசுகிறது மட்டும் வைக்கலாம், ஓரத்தில் பந்தியைச் சேர்க்கலாம், பின்னால் மெதுவாகப் பாட்டு ஒன்று ஓடட்டும் என்றேன்.

"பாட்டு வேண்டாமுங். ஒரு தடவை போட்டது போதும்."

"சரி, இருபது நிமிசம்."

"நாப்பத்தேழு."

"ரிசப்ஷன்ல எவன் உக்காந்து நாப்பத்தேழு நிமிசம் மாவாட்டறதைப் பாப்பான்?"

"பழனியில நூத்திப் பன்னெண்டு பேரு பாத்து வாங்கிட்டுப் போனாங்களே."

முப்பத்துநான்கு வருஷமாக வியாபாரம் செய்கிறேன், என் சரக்கை வைத்தே என்னை மடக்கியவள் இவள் ஒருத்திதான். முப்பது, முப்பத்தைந்து என்று ஏறிப் பார்த்தேன். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவள் இன்னொன்றும் சொன்னாள். அதற்கும் சரி என்றேன்.

முடிந்தது இப்படி: டெமோ நாற்பத்தேழு நிமிடமும் வெட்டாமல், அதன் சொந்தச் சத்தத்தோடு ஓடும். அதற்கு முன், கலாமணி கேட்டபடி, நான் எழுந்து, இது எந்தக் கேசட்டின் மேல் பதிந்தது, பதிந்தது யார் என்று சபையில் என் வாயாலேயே சொல்ல வேண்டும். அசல் கேசட் கலாமணிக்கு, கம்ப்யூட்டர் காப்பி ஒன்று நித்திலாவுக்கு, ஒன்று எனக்கு.